எந்த ஜோன்ஸ்? வேல்ஸ் சேப்பல் பதிவேடுகளில் ஒரு குடும்பத்தைத் தேடிய அனுபவம்

வேல்ஸில் முன்னோரைத் தேடும்போது ஆவணம் கிடைக்குமோ கிடைக்காதோ என்றுதான் முதலில் பயப்படுவோம். கிடைக்கும். ஒரே பெயரில் பத்துப் பேருக்குக் கிடைக்கும். அதில் நம்மவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அரசுப் பதிவுகள் மட்டும் போதாமல் போய், சேப்பல் (அரசுத் திருச்சபைக்கு வெளியே நின்றவர்களின் வழிபாட்டுக் கட்டடம்) பதிவேடுகள் கை கொடுத்த விதத்தை இங்கே எழுதி வைக்கிறேன். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவும்.

என் மனைவியின் குடும்பம் கார்மார்தன்ஷயரைச் சேர்ந்தது. மாமியாருடைய அம்மாவின் தாத்தா அம்மன்ஃபோர்ட் பக்கம் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பிறந்தது வடக்கே கார்டிகன்ஷயரில். சேப்பலுக்குப் போகிற குடும்பம். குடும்பப் பெயர் ஜோன்ஸ். வீட்டில் யாருக்கும் இதற்கு மேல் தெரியவில்லை. முதற்பெயரை இங்கே எழுதவில்லை. வேல்ஸில் எந்தத் தெருவிலும் காதில் விழும் பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பதிவில் அவரைச் சுரங்கத் தாத்தா என்றே சொல்கிறேன்.

கையில் இருந்த முதல் ஆவணம் வீட்டு பைபிள். முன்பக்க வெற்றுத் தாள்களில் குழந்தைகள் பிறந்த தேதிகளை வெல்ஷ் மொழியில் எழுதி வைத்திருந்தார்கள். இப்படி ஒன்று கிடைத்தால் தேதிகளைப் படிக்கும் முன் அச்சிட்ட ஆண்டைப் பார்த்துவிட வேண்டும். அந்த ஆண்டுக்கு முந்தைய தேதிகள் எல்லாம் பிறகு நினைவிலிருந்து எழுதியவை. அடுத்து மையைப் பார்க்க வேண்டும். எங்கள் பைபிளில் ஒவ்வொரு குழந்தைக்கும் மையின் நிறமும் பேனாவின் தடிமனும் மாறிக்கொண்டே போகின்றன. பிறக்கப் பிறக்க எழுதியிருக்கிறார்கள், அதனால் நம்பலாம். சுரங்கத் தாத்தாவின் சொந்தப் பிறந்த நாள் மட்டும் முதல் குழந்தையின் பதிவோடு ஒரே மையில், ஒரே மூச்சில் எழுதப்பட்டிருந்தது: 1849 ஆகஸ்ட். அது அவர் தன்னைப் பற்றிச் சொன்னது. குறித்துக்கொள்ளலாம், ஆனால் வேறு சான்று வேண்டும்.

அரசுப் பதிவுகளுக்குப் போனேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசு பதிய ஆரம்பித்தது 1837 ஜூலை 1 அன்று. பிறப்பைப் பதிய வேண்டிய பொறுப்பு பெற்றோருடையது என்று சட்டம் கறாரானது 1875 முதல்தான். அதற்கு முன் விடுபட்டவை உண்டு. பிறப்பு, இறப்பு அட்டவணைகளைப் பொதுப் பதிவு அலுவலகத்தின் இணையதளத்திலேயே தேடலாம். அந்த அட்டவணையில் 1837 முதல் ஒவ்வொரு பிறப்புக்கும் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரைச் சேர்த்திருக்கிறார்கள். பழைய அச்சு அட்டவணையில் அது 1911க்குப் பிறகுதான் வரும். வேல்ஸில் தேடுகிறவருக்கு இந்த ஒரு வித்தியாசமே பாதி வேலையை மிச்சப்படுத்தும். திருமணங்கள் அந்தத் தளத்தில் இல்லை. அவற்றை ஃப்ரீபிஎம்டி தளத்தில் தேடி, எண்ணைக் குறித்துக்கொண்டு சான்றிதழுக்குப் பணம் கட்ட வேண்டும்.

திருமணச் சான்றிதழ் வந்தது. 1876, லான்டெய்லோ பதிவு மாவட்டம், ஒரு சேப்பலில், பதிவாளர் முன்னிலையில். மணமகனின் அப்பா பெயர் இருந்தது, தொழில் விவசாயி. அம்மா பெயர் இல்லை, இருக்கவும் இருக்காது. திருமணப் பதிவில் தாயின் பெயரைச் சேர்க்கும் வழக்கம் 2021ல்தான் வந்தது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் 1881ல் பிறந்த இடம் 'கார்டிகன்ஷயர்' என்று மட்டும் இருந்தது. 1891ல் லான்டிசுல் என்று ஊரே வந்துவிட்டது. பேசும் மொழி என்ன என்று வேல்ஸில் முதன்முதலில் கேட்டதும் 1891லேதான். வீடு முழுக்க 'வெல்ஷ்' என்று வரிசையாக எழுதியிருக்கிறார்கள். லான்டிசுலைத் தேடும்போது இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ஏறக்குறைய அதே எழுத்துக்கூட்டலில் மான்ட்கோமரிஷயரிலும் ஓர் ஊர் உண்டு. அடுத்தது, நம்முடைய லான்டிசுலுக்கு என்று தனிப் பதிவு மாவட்டம் கிடையாது. அங்கே பிறந்தவர்கள் அட்டவணையில் நியூகாசில் எம்லின் மாவட்டத்தின் கீழ் வருவார்கள், அந்த மாவட்டமோ கார்மார்தன்ஷயருக்குள்ளும் நீள்கிறது. அம்மன்ஃபோர்ட் என்ற பெயரும் 1880ல் வைத்ததுதான். அதற்கு முன் அந்த இடம் கிராஸ் இன். பழைய தாள்களில் அம்மன்ஃபோர்டைத் தேடினால் கிடைக்காது.

நியூகாசில் எம்லின், 1848 முதல் 1850 வரை, அதே முதற்பெயர், ஜோன்ஸ் என்று போட்டுத் தேடினால் பத்துக்கு மேல் வருகிறார்கள். தாயின் குடும்பப் பெயர்களைப் பார்த்தால் டேவிஸ், எவன்ஸ், தாமஸ், மறுபடியும் ஜோன்ஸ். எல்லாவற்றுக்கும் சான்றிதழ் வாங்கலாம், பணம் போகும். வாங்கினாலும் அப்பா பெயர் ஒன்றாக இருக்கும் இரண்டு மூன்று பேர் மிஞ்சத்தான் செய்வார்கள். அரசுப் பதிவு இதற்கு மேல் உதவாது.

இப்போது சேப்பல். நான்கன்ஃபார்மிஸ்ட் என்றால் இங்கிலாந்தின் அரசுத் திருச்சபைக்கு வெளியே நின்ற புராட்டஸ்டண்ட் சபையார். வேல்ஸில் இவர்கள் சிறு கூட்டம் அல்ல. 1851 மார்ச் 30 அன்று எடுத்த வழிபாட்டுக் கணக்கெடுப்பில், அந்த ஞாயிறன்று வழிபாட்டுக்கு வந்தவர்களில் ஐந்தில் நான்கு பேர் போல சேப்பல்காரர்கள். இண்டிபெண்டண்ட், பாப்டிஸ்ட், கால்வினிஸ்டிக் மெத்தடிஸ்ட், வெஸ்லியன், யூனிடேரியன் என்று ஒவ்வொரு பிரிவுக்கும் ஊருக்கு ஊர் கட்டடம். நாடு முழுக்க 6,000க்கும் மேற்பட்ட சேப்பல்கள் கட்டியிருக்கிறார்கள். லான்டிசுல் பங்குக்குள்ளேயே (பங்கு என்றால் ஓர் ஊர்க் கோவிலின் எல்லை) மூன்று நான்கு பிரிவுகள் உண்டு. டெய்வி ஆற்றுப் பகுதியின் யூனிடேரியன்கள் பேர்போனவர்கள். லுயின்ரிடோவென் சேப்பலின் சபையை நிலச்சுவான்தார் 1876ல் அவர்களுடைய கட்டடத்திலிருந்தே வெளியேற்றிப் பூட்டினார். அப்போது அங்கே ஊழியம் செய்தவர் குவிலிம் மார்லெஸ், கவிஞர் டிலன் தாமஸின் பெரிய தாத்தா முறை. இந்த மாதிரி ஊரில் 'சேப்பல்காரர்' என்று மட்டும் தெரிந்தால் பயனில்லை. எந்தப் பிரிவு, எந்தக் கட்டடம் என்று தெரிய வேண்டும்.

பிரிவு தெரிவது ஏன் முக்கியம் என்றால், ஒவ்வொரு பிரிவும் எழுதி வைத்தது வேறு. இண்டிபெண்டண்ட் சபையார் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பார்கள். பதிவேட்டில் குழந்தை கிடைக்கும். பாப்டிஸ்ட்கள் விசுவாசத்தை அறிக்கையிட்ட பெரியவர்களைத்தான் முழுக்குவார்கள். அங்கே குழந்தையைத் தேடுவது வீண், பிறப்புப் பட்டியல் தனியாக வைத்திருந்தால் உண்டு. கால்வினிஸ்டிக் மெத்தடிஸ்ட்கள் 1811ல் தாங்களே போதகர்களை அபிஷேகம் செய்து தனிச் சபையாகும்வரை ஊர்ப் பங்குக் கோவிலிலேயே ஞானஸ்நானம் பெற்றார்கள். அதற்கு முந்தைய குழந்தைகளைப் பங்குப் பதிவேட்டில்தான் தேட வேண்டும்.

முடிச்சை அவிழ்த்தது அம்மன்ஃபோர்ட் பக்கத்து சேப்பலின் உறுப்பினர் புத்தகம். இப்படிப்பட்ட புத்தகங்களில் சில அபெரிஸ்ட்வித்தில் உள்ள வேல்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன, சில மாவட்ட ஆவணக் காப்பகங்களில். இன்னும் பல சபைச் செயலாளரின் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. எங்களுக்கு வேண்டியது வீட்டில்தான் இருந்தது. மாமியார் தொலைபேசியில் வெல்ஷில் பேசி, தான் யாருடைய பேத்தி என்று சொன்னதும் கதவு திறந்தது. செயலாளர் தகரப் பெட்டியைத் திறந்து, சாப்பாட்டு மேசையில் துணி விரித்து, புத்தகத்தை வைத்தார். படம் எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு எடுத்தேன். ஃபிளாஷ் போடவில்லை, ஜன்னல் வெளிச்சமே போதும்.

நீளமான கணக்குப் புத்தகம் அது. இடது பக்கம் வரிசை எண், பெயர், குடியிருக்கும் வீடு. வலது பக்கம் எப்படிச் சேர்ந்தார், எப்படி விலகினார். பெரும்பாலான குறிப்புகள் ஒரு சொல்தான்: பீ வாரு என்றால் இறந்தார், சிலருக்கு இடம் மாறிப் போனார், சிலருக்கு நீக்கப்பட்டார். 1873ல் சுரங்கத் தாத்தாவின் பெயருக்கு எதிரே, 'கடிதம் மூலம்' சேர்ந்தார் என்று எழுதி, எந்தச் சேப்பலிலிருந்து அந்தக் கடிதம் வந்தது என்பதையும் எழுதியிருந்தார்கள். ஒரு சேப்பலை விட்டு இன்னொரு ஊருக்குப் போகிறவர் பழைய சபையிலிருந்து நன்னடத்தைக் கடிதம் வாங்கிக்கொண்டு போய்ப் புதிய சபையில் கொடுப்பது வழக்கம். கார்டிகன்ஷயர் பண்ணைகளிலிருந்து தெற்கே சுரங்கங்களுக்கு இறங்கிய ஆயிரக்கணக்கானோர் சட்டைப்பையில் இந்தக் கடிதத்தோடுதான் வந்தார்கள். கணக்கெடுப்பு பங்குவரை சொல்லும். இந்தக் கடிதக் குறிப்பு கட்டடம்வரை சொல்லிவிடுகிறது. இந்தத் தேடலில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த ஒற்றை வரி அதுதான் என்பேன்.

கடிதம் கொடுத்த சேப்பல் லான்டிசுல் பங்கில் உள்ள ஓர் இண்டிபெண்டண்ட் சபை. அதன் ஞானஸ்நானப் பதிவேட்டில் 1849 செப்டம்பரில் சுரங்கத் தாத்தா இருந்தார். அப்பா பெயர் திருமணச் சான்றிதழோடு ஒத்துப்போனது. அம்மாவின் பெயர் அவளுடைய பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரோடு இருந்தது. வசிக்கும் இடம் என்ற கட்டத்தில் ஒரு பண்ணையின் பெயர்: பென்லான். அம்மாவின் குடும்பப் பெயரைக் கொண்டு அரசு அட்டவணைக்குத் திரும்பினேன். ஒரே ஒருவர்தான் பொருந்தினார். சான்றிதழ் வாங்கினேன், பிறந்த இடம் பென்லான், தேதி ஆகஸ்ட், பைபிள் சொன்ன அதே மாதம்.

இதோடு நிறுத்தக்கூடாது. மிச்சம் இருந்த அதே பெயர்க்காரர்கள் ஒவ்வொருவரும் என்ன ஆனார்கள் என்று தேடினேன். சிலர் குழந்தையிலேயே இறந்திருந்தார்கள். சிலர் 1881ல் சொந்த ஊரிலேயே விவசாயம் செய்துகொண்டிருந்தார்கள். எல்லாரையும் கழித்த பிறகுதான் நம்மவர் இவர் என்று குடும்ப மரத்தில் எழுதினேன். ஜோன்ஸ், டேவிஸ், எவன்ஸ் தேடுகிறவர்கள் இந்தக் கழித்தல் வேலையைச் செய்யாமல் மேலே ஏறினால், இன்னொருவருடைய தாத்தாவைத்தான் கும்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

பண்ணைப் பெயர் கைக்கு வந்த பிறகு எல்லாமே வேகம் பிடித்தது. மனிதர் பெயர் ஊருக்குப் பத்து. பண்ணைப் பெயர் ஒரு பங்குக்கு ஒன்றோ இரண்டோ. 1841 கணக்கெடுப்பு வயதைப் பெரியவர்களுக்கு ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதுகிறது, பிறந்த ஊரையும் சொல்வதில்லை. ஆனாலும் பென்லான் என்ற தலைப்பின் கீழே அந்தக் குடும்பம் இருக்கிறது. தசமபாகம் என்பது விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை அரசுத் திருச்சபைக்குக் கட்டுவது. அதற்கான வரைபடங்கள் 1836 சட்டத்தின்படி தயாரானவை. வேல்ஸ் முழுவதுக்குமான வரைபடங்களையும் அவற்றோடு சேர்ந்த பட்டியல்களையும் தேசிய நூலகம் இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. பென்லானைத் தொட்டால் நில உடைமையாளர், குத்தகைக்காரர், ஒவ்வொரு வயலின் பெயர், பரப்பு எல்லாம் வருகிறது. குத்தகைக்காரர் நம் மூத்த ஜோன்ஸ், சுரங்கத் தாத்தாவின் அப்பா. தான் போகாத திருச்சபைக்கு அவர் கட்டிய தொகையும் பக்கத்திலேயே இருக்கிறது. 1880களில் வேல்ஸ் விவசாயிகள் இந்தத் தசமபாகத்தை எதிர்த்துக் கிளம்பியதன் காரணம் அந்தக் கட்டத்தைப் பார்க்கும்போதே விளங்கிவிடும்.

பழைய செய்தித்தாள்களில் பண்ணைப் பெயரைத் தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. தேசிய நூலகத்தின் வெல்ஷ் செய்தித்தாள் தொகுப்பு 1919 வரை இலவசம். அதில் 'பென்லான்' என்று மட்டும் போட்டால் பாதிதான் வரும். வெல்ஷில் முன்னால் வரும் சிறு சொல்லைப் பொறுத்துச் சொல்லின் முதல் எழுத்தே மாறும். 'பென்லானிலிருந்து' என்றால் 'p' போய் 'b' வந்து 'ஓ பென்லான்' (o Benlan) என்று அச்சாகியிருக்கும். 'பென்லானில்' என்றால் 'அம் ம்ஹென்லான்' (ym Mhenlan). தமிழில் இரண்டு பகரத்துக்கும் ஒரே எழுத்து என்பதால் நமக்கு இது கண்ணில் படாமல் போகும். தேடல் பெட்டிக்கு அவை வேறு வேறு எழுத்து. மூன்று வடிவத்தையும் தனித்தனியாகப் போட்டேன். மூன்றாவது வடிவத்தில்தான் மூத்த ஜோன்ஸின் இறப்புச் செய்தி கிடைத்தது, 1868.

அந்த வருடத்தை வைத்துக்கொண்டு லான்டிசுல் பக்கத்துச் சேப்பலின் கல்லறைத் தோட்டத்துக்கு மாமியாரும் மனைவியும் நானும் போனோம். கட்டடம் மூடிக் கிடக்கிறது, தோட்டத்துக்கு வழி உண்டு. அந்தப் பகுதியில் பலகைக் கல்லில்தான் எழுத்து வெட்டியிருப்பார்கள். அந்தக் கல் நன்றாகவே நிற்கும், ஆனால் பாசி ஏறினால் எழுத்து மங்கிவிடும். சவர நுரை, சுண்ணாம்பு, கம்பி பிரஷ் எதையும் கிட்டே கொண்டுபோகக்கூடாது, கல் உரிந்துவிடும். மென்மையான பிரஷ்ஷும் வெறும் தண்ணீரும் போதும். அப்புறம் கல்லின் ஓரத்தில் டார்ச்சை வைத்துப் பக்கவாட்டில் வெளிச்சம் அடித்தால், நேரே பார்க்கும்போது தெரியாத எழுத்தின் குழியில் நிழல் விழுந்து வரி வரியாக எழும்பி வரும். மாமியார் வாசித்தார்: 'எர் கோவ் அம்', நினைவாக. பெயர். பென்லான். இறந்த தேதி. 'ம்லுயித் ஓய்ட்' என்று முடியும் வயது: 54. அதற்குக் கீழே 'ஹெவிட்', மேலும், அவருடைய மனைவி. மனைவியின் பெயர் ஜோன்ஸ் என்று இல்லை. கல்யாணமாகி முப்பது வருடம் ஆன பிறகும் கல்லில் அவளுடைய அப்பா வீட்டுப் பெயரே நின்றது. மேற்கு வேல்ஸில் இது வழக்கம்தான். பெண் வழியைத் தேடுகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று அந்தக் கல்லின் முன் நின்றபோது உணர்ந்தேன்.

54 என்றால் பிறப்பு 1814 வாக்கில். அரசுப் பதிவுக்கு முந்தைய காலம். 1837ல் அரசுப் பதிவு தொடங்கியபோது சேப்பல்களைத் தங்கள் பழைய பதிவேடுகளை அரசு ஆணையத்திடம் ஒப்படைக்கும்படி கேட்டுக்கொண்டார்கள். 1840 சட்டத்துக்குப் பிறகு அவை நீதிமன்றங்களில் சான்றாகச் செல்லும் என்றானது. அவை இன்று லண்டனின் கியூ என்ற பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஆர்ஜி 4 என்ற வரிசையில் இருக்கின்றன. குடும்ப வரலாற்றுத் தளங்களில் படமாகப் பார்க்கலாம். ஆனால் எல்லாச் சபைகளும் கொடுத்துவிடவில்லை. பதிவேடு சில இடங்களில் சபையின் சொத்தாக இருக்காது, போதகருடைய சொந்தப் புத்தகமாக இருக்கும். அவர் மூன்று நான்கு சேப்பல்களுக்கு நடந்து போய் ஊழியம் செய்து, எல்லாவற்றையும் ஒரே புத்தகத்தில் எழுதி, ஊர் மாறும்போது கையோடு கொண்டுபோயிருப்பார். அதனால் நம் சேப்பலின் பெயரில் பதிவேடு இல்லையென்றால் பக்கத்துச் சேப்பல்களின் பெயரிலும் பார்க்க வேண்டும். எங்களுக்கு அப்படித்தான், பக்கத்துச் சேப்பல் பெயரில் இருந்த புத்தகத்தில் கிடைத்தது. லண்டனில் டாக்டர் வில்லியம்ஸ் நூலகம் 1742 முதல் 1837 வரை நடத்திய பிறப்புப் பதிவும் உண்டு. கிராமத்துக் குத்தகைக்காரர்கள் அதில் அரிதாகவே வருவார்கள்.

1814 பதிவில் குழந்தையின் அப்பா பெயரைப் படித்தபோது அங்கே ஜோன்ஸ் இல்லை. அப்பாவின் முதற்பெயர் ஜான், அதற்குப் பின்னால் வந்தது டேவிட். ஆள் மாறவில்லை, குடும்பம் மாறவில்லை. அந்தத் தலைமுறைவரை அங்கே நிலையான குடும்பப் பெயர் என்று ஒன்று இருக்கவில்லை. நம் வீடுகளில் அப்பா பெயரின் முதல் எழுத்து இனிஷியலாக வந்து, அடுத்த தலைமுறையில் மாறிப்போகிறதே, அதே முறைதான். டேவிட்டின் மகன் ஜான், ஜான் டேவிட். ஜானின் பிள்ளைகள் ஜானுடையவர்கள், அதாவது ஜோன்ஸ். அதிகாரிகளும் பள்ளிகளும் சுரங்க முதலாளிகளும் நிலையான பெயர் கேட்ட காலத்தில் அந்த ஜோன்ஸ் அப்படியே உறைந்து நின்றுவிட்டது. வேல்ஸில் பவல் என்றால் ஹவெலின் மகன், பிரைஸ் என்றால் ரீஸின் மகன், போவன் என்றால் ஓவெனின் மகன்; 'ஆப்' என்ற மகனைக் குறிக்கும் சொல் பெயரோடு ஒட்டிக்கொண்டது. மாமியாரின் தாய் வழியில் ஜோன்ஸ் என்ற பெயர் யாரிடமிருந்து தொடங்குகிறது என்று இப்போது விரல் வைத்துக் காட்ட முடியும்.

ஆனால் டேவிட் என்று பெயர் மாறும்போது சந்தேகம் வருவது நியாயம். உறுதிப்படுத்தியது உயில். 1858க்கு முந்தைய வேல்ஸ் உயில்களைத் திருச்சபை நீதிமன்றங்கள்தான் ஏற்றுப் பதிந்தன. அவை இப்போது தேசிய நூலகத்தின் தளத்தில் இலவசம். செயின்ட் டேவிட்ஸ் மறைமாவட்டத்தின் உயில்களில் லான்டிசுல், பென்லான் என்று தேடினேன். 1838ல் ஜான் எழுதிய உயில் இருந்தது. கையெழுத்துக்குப் பதில் ஒரு சிலுவைக் குறி. ஒரு மகனை ஜோன்ஸ் என்றும், மூத்த மகனை டேவிஸ் என்றும் எழுதியிருக்கிறார்கள். ஒரே அப்பாவின் இரண்டு மகன்கள். ஒருவர் அப்பாவின் முதற்பெயரையும் மற்றவர் அப்பாவின் இரண்டாம் பெயரையும் எடுத்துக்கொண்டார்கள். பென்லான் குத்தகை ஜோன்ஸுக்கு. கட்டிலும் ஒரு பசுவும் மகளுக்கு.

ஜானின் திருமணத்தைச் சேப்பலில் தேடத் தேவையில்லை. 1754 முதல் 1837 வரை, குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரும் யூதர்களும் தவிர எல்லாரும் அரசுத் திருச்சபையில்தான் சட்டப்படி மணக்க முடியும். எவ்வளவு உறுதியான சேப்பல்காரரும் அந்த ஒரு நாள் பங்குக் கோவிலுக்குப் போயே ஆக வேண்டும். லான்டிசுல் பங்குப் பதிவேட்டில் ஜானும் அவருடைய மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் குறி போட்டிருக்கிறார்கள். 1837க்குப் பின் சேப்பலில் மணக்கலாம் என்றாலும் அரசுப் பதிவாளர் வந்து உட்கார வேண்டும், புத்தகமும் அவருடையது. அந்தக் கட்டாயம் 1899ல்தான் தளர்ந்தது. அதற்கு முந்தைய திருமணப் பதிவை சேப்பலில் கேட்டு ஏமாற வேண்டாம், பதிவு அலுவலகத்துக்குப் போங்கள்.

அம்மன்ஃபோர்ட் உறுப்பினர் புத்தகத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. சுரங்கத் தாத்தாவைத் தேடிப் பக்கம் புரட்டும்போதே அவருடைய மகள் ஒருத்தியின் பெயர் கண்ணில் பட்டது. 1901ல் 'நீக்கப்பட்டார்'. காரணம் எழுதவில்லை. குடிப்பது, கடனைத் திருப்பாதது, திருமணத்துக்கு முன் கர்ப்பம், இவற்றுக்குத்தான் பெரும்பாலும் நீக்குவார்கள். அரசுப் பிறப்பு அட்டவணையில் 1901ல் லான்டெய்லோ மாவட்டத்தில் ஒரு ஜோன்ஸ் ஆண் குழந்தை இருந்தது, தாயின் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கோடு. அப்பா பெயர் பதியாத பிறப்புக்கு அந்தக் கோடுதான் அடையாளம். 1911 கணக்கெடுப்பில் அதே பையன் பத்து வயதில் சுரங்கத் தாத்தாவின் வீட்டில் 'மகன்' என்று இருக்கிறான். அந்தக் கணக்கெடுப்பில் திருமணமான பெண்ணுக்கு மொத்தம் எத்தனை குழந்தைகள் உயிரோடு பிறந்தன என்று கேட்டிருக்கிறார்கள். பாட்டி ஒன்பது என்று சொல்லியிருக்கிறாள். பைபிளிலும் ஒன்பது பெயர்கள். பையனையும் சேர்த்தால் பத்து ஆகிவிடும். பையனைத் தங்கள் மகனாக வளர்த்தார்கள். ஆனால் பெற்ற கணக்கில் அவள் ஒரு எண்ணைக்கூடக் கூட்டவில்லை.

அந்தப் பையன்தான் மாமியார் தன் சிறு வயதில் பார்த்த மாமா. நான் சொன்னதும் மாமியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆனது என்று கேட்டார். புத்தகத்திலேயே இருந்தது. 1904 அக்டோபர் கடைசியில் பக்கத்து லௌகரில், மொரியா சேப்பலைச் சேர்ந்த இவான் ராபர்ட்ஸ் தொடங்கிய எழுப்புதல் என்ற பக்தி எழுச்சி வேல்ஸ் முழுக்கப் பரவியது. அம்மன்ஃபோர்ட் புத்தகத்தில் 1904 டிசம்பரிலிருந்து பக்கம் பக்கமாகப் புதுப் பெயர்கள். எழுதியவர் அவசரத்தில் வீட்டு விவரத்தைக்கூட விட்டிருக்கிறார். அந்தக் கூட்டத்துக்கு நடுவே அவளுடைய பெயர், எதிரே 'மீண்டும் சேர்க்கப்பட்டார்'. மரத்தில் இதை எழுதலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் மாமியார்தான் என்று விட்டுவிட்டேன். எழுதச் சொன்னார். நீக்கியதையும் திரும்பச் சேர்த்ததையும் இரண்டையும் எழுதியிருக்கிறோம், பையனை அவனுடைய அம்மாவின் கீழே போட்டிருக்கிறோம். உயிரோடிருக்கும் அவனுடைய பேரப்பிள்ளைகளிடம் முதலில் சொன்னோம்.

மாமியாரின் அப்பா வழி பாப்டிஸ்ட். அதில் இன்னும் அதிகம் போகவில்லை. ஞானஸ்நானத்தில் பெற்றோர் பெயர் இருக்காது என்பதால் அங்கே கல்லறைகளும் பத்திரிகை இரங்கல் குறிப்புகளும்தான் ஆதாரம். 1814ல் ஸ்வான்சியில் தொடங்கிய செரென் கோமெர் போன்ற பாப்டிஸ்ட் இதழ்களில் பார்க்க வேண்டும்.

ஜான் டேவிட்டுக்கு மேலே, அதாவது 1780களுக்கு முன், பங்குப் பதிவேடுகள் சிதைந்திருந்தால் பிஷப்புக்கு ஆண்டுதோறும் அனுப்பிய நகல்கள் தேசிய நூலகத்தில் உள்ளன. அடுத்த வேலை அது. இன்னொன்றும் பாக்கி இருக்கிறது. லான்டிசுல் சேப்பலின் புத்தகத்தில், சுரங்கத் தாத்தாவின் அண்ணன் பெயருக்கு எதிரே 1869ல் கடிதம் கொடுத்ததாகவும் போகும் இடம் அமெரிக்கா என்றும் ஒரு வரி இருக்கிறது. அங்கே குடியேறிய வெல்ஷ்காரர்களுக்காக 1851ல் நியூயார்க்கில் தொடங்கிய 'அ டிரிஹ்' என்ற வார இதழ் வெல்ஷிலேயே வந்தது. பென்சில்வேனியாவின் ஸ்க்ராண்டன் சுரங்கப் பகுதியில் வெல்ஷ் சேப்பல்கள் நிறைய இருந்தன. இறப்புச் செய்திகளில் பிறந்த பங்கின் பெயரும் பண்ணையின் பெயரும் போடுவார்கள். பென்லானின் மூன்று வடிவங்களையும் எழுதி வைத்திருக்கிறேன். தேட வேண்டும்.